விளையாட்டை ஆக்கும் பிள்ளை

பட்டிமன்றத் தலைப்பு: கருவிகளால் பிள்ளைகளின் அறிவு பெரிதும் வளர்வது பாடத்தாலா? விளையாட்டாலா?

‘விளையாட்டாலே!’ அணியின் இரண்டாவது பேச்சு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், மேடை முன்னால் தமிழ் என்று மூன்று மொழியையும் ஒரே மூச்சில் பேசுகிற ஓசூர்ப் பெருமக்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? “பிள்ளை கையில் கருவியைக் கொடுத்தால் விளையாடியே கெட்டுப்போகும். ஆகவே பாடத்துக்கு மட்டும் கொடுங்கள்” என்றார்கள். நியாயமான கவலை. சிப்காட்டில் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு, கண் எரிய வீட்டுக்கு வருகிற அப்பா, பையன் செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடுவதைப் பார்த்தால் என்ன செய்வார்? கொஞ்சுவாரா? (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, பாம்பை ஓட்டுகிற பிள்ளை வேறு. பாம்பைப் படைக்கிற பிள்ளை வேறு. நான் பேச வந்தது இரண்டாவது பிள்ளைக்காக.

வரைபடக் கால்குலேட்டர் என்று ஒன்று உண்டு. நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். நம்ம ஊர் பிளஸ் டூ தேர்வுக்கு லாக் டேபிள்தானே துணை? ஆனால் அமெரிக்கப் பள்ளிகளில் 1990களிலிருந்து அது கணக்குப் பாடத்துக்கான கருவி. சமன்பாட்டைக் கொடுத்தால் கோட்டை வரைந்து காட்டும். 1985-ல் காசியோ நிறுவனம் முதலில் கொண்டுவந்தது. பிறகு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1990-ல் டிஐ-81, 1992-ல் டிஐ-85, 1999-ல் டிஐ-83 பிளஸ் என்று வரிசையாக விட்டது.

(நடுவர்: அதுல என்னய்யா விளையாட்டு? கூட்டல் கழித்தல்தானே?)

ஐயா, அப்படித்தான் வாத்தியார்களும் நினைத்தார்கள்! (சிரிப்பு) பிள்ளைகள் அதற்குள்ளே பாம்பை ஓடவிட்டார்கள். கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸைக் கொண்டுவந்தார்கள். விண்கலம் விட்டுச் சுட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் மார்க்குப் போடவில்லை. ஒருவன் எழுதுவான், ஒரு சின்னக் கம்பியால் இரண்டு கால்குலேட்டரை இணைத்து, அடுத்த பெஞ்சுக்கு அனுப்புவான். ஒரு வாரத்தில் வகுப்பு முழுக்க ஓடும்.

அந்தக் கருவி எவ்வளவு பெரிசு தெரியுமா? டிஐ-83 பிளஸை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் அகலத்துக்கு 96 புள்ளி, உயரத்துக்கு 64 புள்ளி. பெருக்கிப் பாருங்கள், மொத்தம் 6,144 புள்ளிகள். கறுப்பு வெள்ளைதான். எழுதிப் பார்க்க இருக்கிற நினைவகம் 24 கிலோபைட். காலையில் உங்கள் மாமா செல்போனில் அனுப்புகிறாரே, ரோஜாப்பூ போட்ட ‘குட் மார்னிங்’ படம்... பெரும்பாலும் அந்த ஒரு படத்துக்கே இந்த இடம் போதாது! (பலத்த சிரிப்பு)

அதற்குள்ளே ஒரு விளையாட்டை அடக்க வேண்டும் என்றால் எத்தனை யோசிக்க வேண்டும்! இடம் குறுகும்போதுதான் அறிவு கூர்மையாகும். திருவள்ளுவருக்குக் கிடைத்தது ஏழு சீர். உலகத்தையே அதில் அடக்கினார். இதை ஓசூருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2002-ல் டைட்டன் கொண்டுவந்த ‘எட்ஜ்’ கடிகாரம் மொத்தமே 3.5 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே ஓடுகிற இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். அந்தச் சாதனைக்குச் சொந்தமான ஊர் இந்த ஊர்! (கைதட்டல்)

சரி, அந்தப் பிள்ளை என்ன கற்றது? ஒரு எழுத்தைத் திரையில் நகர்த்துவதைப் பார்ப்போம். எழுத்து காட்டும் திரையில் 8 வரி, வரிக்கு 16 இடம். வரிசைக்கு ‘ஏ’ என்று பெயர், இடத்துக்கு ‘பி’ என்று பெயர். வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் கருவி 26 என்ற எண்ணைக் கொடுக்கும். 26 வந்தால் ‘பி’யோடு ஒன்றைக் கூட்டு. எழுத்து நகர்ந்துவிட்டது! 17-க்குப் போனால்? அங்கே இடமே இல்லை. கருவி ‘தவறு’ என்று நின்றுவிடும். அப்போது பிள்ளை யோசிக்கும்: 16-ஐத் தாண்டினால் திரும்ப 1 ஆக்கு. எழுத்து வலப்பக்கம் மறைந்து இடப்பக்கம் முளைக்கும்.

இதுதாங்க அல்ஜீப்ரா! “எக்ஸ் என்றால் என்ன சார்?” என்று கேட்டு அடி வாங்கிய தலைமுறை நாம். அந்தப் பிள்ளைக்கு எக்ஸ் என்பது தன் பந்து நிற்கிற இடம். சுவரில் பந்து பட்டால் திரும்பணும். வேகத்தை மைனஸ் ஒன்றால் பெருக்கு. மைனஸ் எதற்கு என்று யாராவது விளக்கணுமா? பந்தே விளக்கிவிடும்! (கைதட்டல்)

இன்னொன்று கவனியுங்கள். தவறு வந்தால் அந்தக் கருவி திட்டாது. “பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு” என்று சொல்லாது. (சிரிப்பு) தவறு எந்த இடத்தில் என்று கேட்டால், அந்த வரிக்கே கொண்டுபோய் விடும். திருத்து, மறுபடி ஓட்டு, அவ்வளவுதான். தவறு என்பது அவமானம் இல்லை, அடுத்த படி என்று இதைவிட எந்தப் பாடம் சொல்லித்தரும்?

அந்தப் பிள்ளைகள் அதோடும் நிற்கவில்லை. எளிய பேசிக் மொழி மெதுவாக ஓடுகிறதே என்று, இயந்திரத்தின் சொந்த மொழியையே தேடிப் போனார்கள். டிஐ-85-ல் அதற்கு வழியே கிடையாது. நினைவகத்தைப் பிரதியெடுத்துத் திரும்ப ஏற்றுகிற வசதியில் ஒரு சந்து கண்டுபிடித்து, உள்ளே நுழைந்தார்கள். பின்னால் வந்த டிஐ-83 பிளஸில் நிறுவனமே அதற்கென்று ஒரு கட்டளையை வைத்துவிட்டது. பிள்ளைகள் முன்னே போக, கம்பெனி பின்னே வந்தது!

இப்போதுதான் எதிரணிக்கு வருகிறேன். 2020-ல் அதே நிறுவனம் தன் புதிய கால்குலேட்டர்களில் இயந்திர மொழிப் புரோகிராம்களுக்கான கதவை மூடியது. காரணம்? தேர்வுப் பாதுகாப்பு. யாரோ சிலர் காப்பி அடித்துவிடுவார்கள் என்ற பயம். காப்பி அடிப்பவனை நான் ஆதரிக்கவில்லை. தேர்வறையில் தடை போடுங்கள், சரி. ஆனால் 3 மணி நேரத் தேர்வுக்காக வருஷம் முழுக்கக் கதவைச் சாத்தினால், வெளியே நிற்பது காப்பி அடிக்கிறவன் மட்டுமா? படைக்கிறவனும்தானே! அந்த வருஷமே பிள்ளைகள் மாற்று வழியைக் கண்டுபிடித்தார்கள் என்பது வேறு கதை. (சிரிப்பு)

அதே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே இந்தியாவில் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. எங்கே? இங்கேயிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் போனால் வருகிற பெங்களூரில். மையம் பக்கத்தில் வந்தது. ஆனால் அந்தக் கால்குலேட்டர் நம் பிள்ளைகள் பள்ளிப் பைக்குள் வரவில்லை. போகட்டும். இன்றைக்கு நம் வீட்டுச் செல்போன் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. 2019-ல் நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடப் புத்தகத்துக்கே பைத்தான் மொழி வந்துவிட்டது. கருவியும் இருக்கிறது, மொழியும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. “நீயே ஒரு விளையாட்டுப் பண்ணிக் காட்டு, நான் ஆடிப் பார்க்கிறேன்” என்று சொல்கிற அப்பா!

தாய்மார்களே, தந்தைமார்களே! “போனைக் கீழே வை” என்று தினமும் சொல்கிறீர்கள். சொல்லுங்கள், தப்பில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: “இந்தப் பாம்பு எப்படிப்பா ஓடுது? எனக்கு விளக்கு.” அந்தப் பிள்ளை முதல்முறையாக உள்ளே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த பிள்ளை தானாகப் படிக்கும். பாடத்தையும் சேர்த்தே படிக்கும்.

ஆகவே நடுவர் அவர்களே, பாடம் அறிவைக் கொடுக்கும். ஆனால் அதை ஆசையோடு வாங்க வைப்பது விளையாட்டுத்தான். கருவிகளால் பிள்ளைகளின் அறிவு பெரிதும் வளர்வது விளையாட்டாலே, அதுவும் தானே ஆக்குகிற விளையாட்டாலே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)