கிணற்றருகே அமர்ந்த ஆண்டவர்



சனிக்கிழமை ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கிய ஒரு தாய், மறுநாள் திருப்பலிக்கு வரவில்லை. மாலையில் வீடு சந்திக்கப் போனபோது, "நேற்று நன்றாகத்தானே இருந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்கள் கலங்கின. அவருக்குச் சரவாங்கி, மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்பார்கள்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் இது. அந்த அழற்சி மூட்டோடு நிற்பதில்லை. உடல் முழுவதையும் சோர்வடையச் செய்கிறது. இன்று செய்த வேலைக்காக நாளை படுக்க நேரிடும். தூங்கி எழுந்தாலும் அந்த அசதி தீராது. இது சோம்பல் அல்ல. அதற்காக அசையாமல் கிடப்பதும் நல்லதல்ல. கொஞ்சம் வேலை, கொஞ்சம் ஓய்வு என்று மாறி மாறிச் செய்வதே நல்லது.

யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நடந்து களைத்த ஆண்டவர், நண்பகலில் யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்துவிட்டார். உணவு வாங்கச் சீடர்கள் போனார்கள். அவர் உட்கார்ந்த இடத்தில்தான் சமாரியப் பெண் மீட்பரைக் கண்டுகொண்டார்.

நோயுற்றோரே, களைத்தால் உட்காருங்கள். நோயினால் திருப்பலிக்கு வர இயலாமற்போவது பாவமல்ல. வீட்டிலுள்ளோரே, அந்தச் சீடர்களைப் போல நீங்கள் போய் வாருங்கள்.

அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆலயத் துடைப்பம் இப்போது இளையோர் கையில் இருக்கிறது.