மலைமரமும் ஆழ்கடற் சுறாவும்



கலிபோர்னியாவின் வெண்மலைத் தொடரில் 3,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் பிரிஸ்டில்கோன் பைன் மரத்தையும், வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் உலவும் கிரீன்லாந்துச் சுறாவையும் ஒப்பிடுவோர், இரண்டும் நீடு வாழ்வன என்று சொல்லி நிறுத்திவிடுவர். அது பாதி ஒப்புமையே.

இரண்டுக்கும் வாய்த்தது வறிய வாழ்விடம். மரத்துக்கு டாலமைட் பாறையின் வறண்ட மண். சுறாவுக்கு உறைநிலையை ஒட்டிய கடல். சுறா ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. பைன்களிலோ, நல்ல மண்ணில் செழித்தவை முன்னரே மடிய, கல்லிலும் காற்றிலும் அல்லலுற்றவையே ஆயிரங்களைக் கடக்கின்றன. உடல் பெரிதும் பட்டுப்போய், ஒரு கீற்றுப் பட்டையால் மட்டுமே உயிர்த்திருக்கும் மரங்களும் அங்கு உண்டு.

அகவையை அறியும் வழியில்தான் வேற்றுமை. மரம் ஆண்டுதோறும் வளையம் எழுதுகிறது. துளைக்கருவியால் மெல்லிய குச்சியளவு எடுத்தால் போதும், மரம் சாவதில்லை. 1957இல் எட்மண்ட் ஷுல்மன் அவ்வாறே மெத்தூசலா என்னும் மரத்தின் 4,600க்கும் மேற்பட்ட ஆண்டுகளை எண்ணினார். எனினும் 1964இல், நெவாடாவின் வீலர் சிகரச் சாரலில், ஆய்வின்பொருட்டு ஒரு பைன் வெட்டியே வீழ்த்தப்பட்டது. அதில் இருந்தவை 4,862 வளையங்கள்.

இச்சுறாவின் உடலிலோ எண்ணத்தக்க வளையமே இல்லை. ஆதலின் ஆய்வாளர் அதன் கண்ணை நாடினர். விழிவில்லையின் நடுப்பகுதி பிறக்குமுன்னரே உருவாகிப் பின் மாறாதது. 28 பெண்சுறாக்களின் விழிவில்லைகளில் கரிமம்-14 அளந்த முடிவுகள் 2016இல் வெளிவந்தன. ஐந்து மீட்டர் நீண்ட சுறாவுக்கு ஏறத்தாழ 392 வயது. 120 ஆண்டு கூடலாம், குறையலாம். அந்தக் கரிமக் கணக்கின் பிழைகளை 1960களில் திருத்த உதவியவை பிரிஸ்டில்கோன் வளையங்களே! உவமேயத்துக்கு உவமானமே அளவுகோல் தந்த விந்தை இது.

விழிவில்லையோ இறந்த சுறாவிடமிருந்தே கிட்டும். ஆய்வுக்கு உதவியவை வலையில் தற்செயலாகச் சிக்கியவை. முன்னாளில் ஈரலெண்ணெய்க்காகப் பெருவாரியாகக் கொல்லப்பட்ட இவ்வினம், இன்றும் பிற மீன்களுக்கு விரித்த வலைகளில் வீழ்கிறது. பெண்சுறா ஈனும் பருவம் எய்த ஏறத்தாழ 150 ஆண்டுகள் செல்லும் என்பது அதே ஆய்வின் கணிப்பு. பாரதி பிறந்த 1882இல் பிறந்த பெண்சுறா ஒன்று, இதுகாறும் ஒரு குட்டியும் ஈனாமலே அக்கடலில் உலவிக்கொண்டிருக்கக் கூடும்.