தீன் முகமதுவின் இரு கரைகள்

1759இல் பாட்னாவில் பிறந்து கம்பெனிப் படையில் வளர்ந்த தீன் முகமது, 1784இல் அயர்லாந்தின் கார்க் நகர் சேர்ந்தார். ஐரியப் பெண்ணை மணந்தார். அங்கே 1794இல் அவர் வெளியிட்ட பயணநூலே இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி அச்சேறிய முதல் நூல் என்பர். கற்பனை நண்பருக்கு வரைந்த மடல்களாய் அமைந்த அந்நூலில், தம் மக்களையே அயலாருக்கு விளக்கும் நிலை அவருக்கு. அதுவும் படையோடு நடந்தவர் கண்ட நாடு என்பதை மறத்தலாகாது.

1810இல் இலண்டனில் இந்திய உணவகம் திறந்தவர் 1812இல் நொடித்துப்போனார். பின்னர் பிரைட்டனில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் நடத்தியபோது அரசர் நான்காம் ஜார்ஜே அவரை நாடினார். நம் சமையலை ஏற்காத நாடு நம் கைகளிடம் உடலை ஒப்படைத்தது! அதற்கு அவர் கொடுத்த விலை? மருத்துவம் பயின்றவராகக் காட்டிக்கொள்ளப் பிறந்த ஆண்டைப் பத்தாண்டு முன்னே தள்ளினார். 1851இல் மறைந்தவரின் கல்லறையும் அகவை 101 என்றே சொல்கிறது.