திறமையைக் கேட்கும் கதவும் வசதியைக் கேட்கும் கதவும்

(செவிலியர் கல்லூரி மாணவர்கள் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போவது எப்படி என்று சொல்லுங்கள் அக்கா" என்றுதான் என்னைக் கூப்பிட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் என் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள்.

பாட்டி பிரசவம் பார்த்தவர். ஊர்த்தெருவில் யாருக்கு வலி கண்டாலும் நடுச்சாமத்தில் சேரிக்கு ஆள் வரும். பாட்டி அந்த வீட்டின் கொல்லைப்புறமாகப் போவார். பிள்ளையை எடுப்பார், கொடியை அறுப்பார், துணியை அலசிப் போடுவார். விடிந்ததும் அதே கொல்லைப்புறமாகத் திரும்பிவிடுவார். கூலி கொஞ்சம் நெல்லும் ஒரு பழைய சேலையும். அவர் எடுத்துக் கொடுத்த பிள்ளைகள் வளர்ந்து அவரையே தள்ளி நிற்கச் சொன்னார்கள். இரத்தமும் மலமும் தீட்டு, அதைத் தொடுகிறவரும் தீட்டு என்பதுதான் சாதி சொல்லிக் கொடுத்த மருத்துவம்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பள்ளி வந்தது. வேலூரில் 1909இல் மிஷனரிகள் ஒரு பள்ளி தொடங்கினார்கள். சாதி இந்துக் குடும்பங்கள் வெகுகாலம் தங்கள் பெண்களை இந்தப் படிப்புக்கு அனுப்பத் தயங்கின. அந்நியரின் உடம்பைத் துடைப்பதா, இரவில் வெளியே தங்குவதா என்றார்கள். நுழைந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவப் பெண்கள், ஆங்கிலோ இந்தியப் பெண்கள். நம் வீடுகளிலிருந்தும் சிலர் போனார்கள். அப்படித் தள்ளிவைத்த வேலைக்குத்தான் இன்று லண்டனும் பெர்லினும் ரியாத்தும் ஆள் தேடுகின்றன.

அங்கே போகும் வழியில் வரிசையாகக் கதவுகள் இருக்கின்றன. அவற்றை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். ஒன்று திறமையைக் கேட்கும் கதவு. இன்னொன்று வசதியைக் கேட்கும் கதவு.

முதல் வகையைப் பார்ப்போம். பிரிட்டன் போக வேண்டுமானால் அங்குள்ள செவிலியர், மகப்பேறு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். கணினி வழித் தேர்வு ஒன்று. பிறகு, ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு. அதை அங்கே போய்த்தான் எழுத முடியும். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் என்றால் வாசித்தல், கேட்டல், பேசுதலில் 7, எழுதுதலில் 6.5 வேண்டும். அதற்குப் பதிலாக மருத்துவத் துறைக்கென்றே உள்ள ஓஇடி தேர்வும் எழுதலாம். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வும் விசாஸ்கிரீன் சான்றும் தேவை. ஜெர்மனியில் முழுப் பதிவு பெற்ற செவிலியராக வேலை செய்யப் பெரும்பாலும் பி2 நிலை வரை ஜெர்மன் கேட்கிறார்கள். வளைகுடா நாடுகளில் உரிமத் தேர்வும், நம் சான்றிதழ்கள் உண்மையா என்று கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் முன்பு வேலை பார்த்த மருத்துவமனைக்கும் எழுதிக் கேட்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பும் உண்டு.

இந்தத் தேர்வுகள்மேல் எனக்குப் புகார் இல்லை. மருந்தின் அளவைத் தவறாகக் கேட்டால் ஓர் உயிர் போய்விடும். நோயாளியின் மொழி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நியாயம். படித்து ஜெயிக்க வேண்டிய கதவு இது. நம் பிள்ளைகள் ஜெயிப்பார்கள்.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். பிரிட்டன் பதிவுக்கான கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். தகுதி மதிப்பீட்டுக்கு 140 பவுண்டு, கணினித் தேர்வுக்கு 83, ஆஸ்கிக்கு 794, பதிவுக்கு 153. மொத்தம் 1,170 பவுண்டு. நம் பணத்தில் 1,20,000 ரூபாய்க்கு மேல். இதில் ஒரு பகுதியை வேலை தரும் மருத்துவமனை ஏற்பதுண்டு. ஆனால் தொடக்கச் செலவு நம் கையிலிருந்துதான் போகிறது. ஐஇஎல்டிஎஸ் ஒரு முறை எழுத 15,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. தமிழ்வழியில் படித்து வந்த பெண் முதல் முறையிலேயே 7 எடுப்பது அரிது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதப் பணம் இருக்கிறவருக்கு அது பயிற்சி. இல்லாதவருக்கு அதோடு கதை முடிந்தது. அந்த மதிப்பெண்ணும் இரண்டு ஆண்டுதான் செல்லும்.

பணத்துக்கு எங்கே போவது? நிலம் உள்ளவர் நிலத்தை ஈடு வைக்கிறார். பஞ்சமி நிலம் பறிபோன கதை உங்களுக்குத் தெரியும். நம் வீட்டில் ஈடு வைக்க அம்மாவின் தோடுதான் இருந்தது.

என் கதையைச் சொல்கிறேன். 2010இல் டிப்ளமோ முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். சம்பளம் மாதம் 4,500 ரூபாய். சேரும்போதே மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வளைகுடாவுக்கு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டு ஆண்டு முடிந்ததும் அனுபவச் சான்று கேட்டேன். "போகிறவளுக்கு நான் ஏன் எழுதித் தர வேண்டும்?" என்றார் நிர்வாகி. டேட்டாஃப்ளோவிலிருந்து கடிதம் வந்தால் பதில் போட வேண்டியதும் அதே அலுவலகம்தான். அயல்நாடு ஒரு விதி எழுதுகிறது. அந்த விதி இங்கே உள்ள முதலாளியின் கையில் சாவியாகிவிடுகிறது. ஒன்றாக வேலை பார்த்த பதினோரு பேர் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போய் நின்ற பிறகுதான் சான்றிதழ்கள் திரும்பி வந்தன. தனியாகப் போயிருந்தால் வந்திருக்காது.

அடுத்தது ஏஜென்ட். என்னிடம் இரண்டரை லட்சம் வாங்கினார். ரசீது இல்லை. ரியாத்தில் முதல் ஒன்றரை ஆண்டு நான் உழைத்தது வட்டிக்கு. இன்றைய இந்திய விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். இது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கைகள் குறைவாகத்தான் உயருகின்றன. குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஆளுக்கு 19,50,000 ரூபாய் வாங்கியதாக 2015இல் கொச்சி நிறுவனம் ஒன்றின்மேல் சிபிஐ வழக்குப் போட்டது. அதே ஆண்டு ஒன்றிய அரசு வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் செவிலியருக்குக் குடியேற்ற அனுமதியைக் கட்டாயமாக்கி, ஆள் எடுப்பதை அரசு நிறுவனங்கள் பக்கம் திருப்பியது. நம் மாநிலத்திலும் 1978 முதல் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. நான் கிளம்பிய காலத்தில் அப்படி ஒன்று இருப்பதாக எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஏஜென்டின் சுவரொட்டி மட்டும் தெரியும்.

ஆங்கிலத் தேர்வில் நின்றுபோனவர்களுக்குக் கொல்லைப்புற வழி ஒன்றும் காட்டினார்கள். "நர்ஸாகப் போக முடியாவிட்டால் என்ன, முதியோர் பராமரிப்பாளர் விசாவில் போ, அங்கே போய் மாறிக்கொள்ளலாம்" என்று விற்கக் கூடாத ஸ்பான்சர் சான்றைப் பல லட்சத்துக்கு விற்றார்கள். போனவர்கள் பலருக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்பான்சரின் உரிமம் ரத்தானால் வேறு ஸ்பான்சர் தேடப் பொதுவாக 60 நாள்தான் கிடைக்கும். 2024 மார்ச்சிலிருந்து புதிதாகப் போகும் பராமரிப்பாளர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் அந்த வழியையே மூடிவிட்டார்கள். இன்றும் யாராவது அந்த விசா வாங்கித் தருகிறேன் என்று வந்தால் நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடலாம் என்பவரையும் நம்பாதீர்கள்.

"கஷ்டப்பட்டால் யாரும் போகலாம், இதில் சாதி எங்கே வந்தது?" என்று ஒரு தம்பி வரும்போதே கேட்டார். கேள்வித்தாளில் சாதி இல்லை தம்பி. தேர்வு வரை வந்து சேரும் பாதையில் இருக்கிறது. யாருக்கு நிலம், யார் வீட்டில் ஆங்கிலம், யாருக்கு அலுவலகத்தில் தெரிந்தவர், யார் மூன்றாம் முறை எழுத முடியும் என்பதெல்லாம் திறமையில் சேராது. தலைமுறையாகச் சேர்த்து வைத்த சொத்து அது. அந்தச் சொத்து இல்லாத பெண்ணும் போகலாம், ஆனால் கடனோடு போவாள். கடனோடு போகிறவள் இரட்டை ஷிப்ட் போடச் சொன்னாலும் வாய் திறக்க மாட்டாள். நான் திறக்கவில்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் டிரிபிள் வின் திட்டத்தில் கேரள அரசின் நோர்க்கா 2021இல் சேர்ந்தது. அதில் மொழிப் பயிற்சிச் செலவைச் செவிலியர் தலையில் கட்டுவதில்லை. இங்கே தாட்கோ, ஆதிதிராவிடர், பழங்குடியினச் செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி அறிவித்திருக்கிறது. அதுபோல ஒவ்வொரு அரசு செவிலியர் கல்லூரியிலும் படிக்கும்போதே மொழிப் பயிற்சி வேண்டும். முதல் தேர்வுக் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும். அனுபவச் சான்றை மறுப்பதும் மூலச் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் தண்டனைக்குரியது என்று வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். நம்மை எடுத்துக்கொள்ளும் நாடு நம்மை எடுக்கும் செலவையும் ஏற்க வேண்டும்.

போகாமல் இங்கேயே இருக்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு 2016இல், 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. உங்கள் சீனியர்களின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் எடுத்த ஒப்பந்தச் செவிலியர்கள் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். 2017இல் சென்னையில் தரையில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் அது நகர்ந்தது. போவது உங்கள் உரிமை. போகத் துரத்தப்படுவதை உரிமை என்று சொல்ல மாட்டேன்.

பேசியது போதும், வேலைக்கு வருவோம். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் உட்காருகிறோம். கடவுச்சீட்டு, கவுன்சில் பதிவு, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் நகல் எடுத்து வாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்திவிடலாம். ஏஜென்ட் யாராவது பேசியிருந்தால் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வாருங்கள். இ-மைக்ரேட் தளத்தில் சேர்ந்தே பார்ப்போம். மூலச் சான்றிதழை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் தனியாகக் கேட்கப் போகாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள். பதினோரு பேராகப் போவோம்.