கீழாநெல்லி குடித்தாலும் இரத்தத்தைச் சோதியுங்கள்

(நமது மஹல்லா மருத்துவ உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

மஞ்சள் காமாலை என்றால் நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்போம். சில வாரத்தில் கண் தெளிந்துவிடும். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் இதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை.

ஆனால் கெட்ட தண்ணீரால் வரும் காமாலை, பெரும்பாலும் அல்லாஹ்வின் கிருபையால் தானாகவே குணமாகக்கூடியது. பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. இரத்தத்தின் வழியாகவும், தம்பதியரிடையேயும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். கண் மஞ்சளாகாமலே பல வருஷம் உள்ளிருந்து ஈரலைச் சுருக்கிவிடும்.

கீழாநெல்லி அதைப் போக்குமா? 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியாகராஜன் குழுவினர், அந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க்குடன் சேர்ந்து, லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பட்டாசு ஆலையில் வேலை பார்த்த ஒரு சகோதரர், ஈரலுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று நம்மிடம் இரண்டு முறை உதவி பெற்றார். என்ன மருந்து என்று நாங்கள் கேட்கவில்லை. விளம்பரத்தில் பார்த்த மூலிகைப் பொடியும் காப்ஸ்யூலும்தான். வயிற்றில் நீர் கோத்த பிறகே இரத்தம் சோதித்தார்கள், ஹெபடைட்டிஸ் பி. பிறகு வீட்டாரைச் சோதித்ததில் மூத்த மகனுக்கும் இருந்தது. அந்தப் பணத்தை நாங்கள் பரிசோதனைக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்பதும் சரியல்ல. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதித்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. கருஞ்சீரகம் நாங்களும் சாப்பிடுகிறோம். எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

2018-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இந்த நோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

இனி ஈரல் நோய்க்கான உதவி மனுவோடு இரத்தப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். பரிசோதனைக்குப் போகும் நாளின் கூலியை இன்ஷா அல்லாஹ் பைத்துல்மாலிலிருந்து தருவோம். ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.