கோலாலம்பூரிலிருந்து விடைபெற்றவர்

(சிவகாசியில் இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் அச்சகக் குடும்பம், மீதிப் பேர் பட்டாசு, தீப்பெட்டிக் குடும்பம்னு நினைக்கிறேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறதைப் பத்திப் பேசச் சொன்னீங்க. போறதைப் பத்திச் சொல்ல நிறையப் பேர் இருக்காங்க. நான் அங்கிருந்து விடைபெறுறதைப் பத்திப் பேசறேன்.

நம்ம ஊர்ல பிரிவு உபசார விழான்னா எப்படி இருக்கும்? சால்வை, சந்தன மாலை, குரூப் போட்டோ, டீ, வடை. மறுநாள் அந்த நாற்காலிக்கு வர்றவருக்கு யாரைக் கூப்பிடணும், எந்த வேலை பாதியில நிக்குதுன்னு ஒண்ணும் தெரியாது. நேத்து வரை நடந்த வேலைக்கு மனுவோட வந்தவர் முதல்ல இருந்து தொடங்கணும்.

இதுக்கு நேர் எதிரா நடந்துக்கிட்ட ஒருத்தர் தனிநாயகம் அடிகள். 1913-ல் இலங்கையின் ஊர்காவற்துறைப் பகுதியில் பிறந்தவர். 1938-ல் ரோமில் குருவானார். 1940-ல் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துப் பள்ளிக்கு ஆசிரியரா வந்தார். அங்கதான் ஒரு பண்டிதர்கிட்ட உட்கார்ந்து தமிழை முறையாப் படிச்சார். இருபத்தேழு வயசுக்கு மேல! அதுக்கப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இருபது வயசுலயே 'எனக்கு வயசாயிடுச்சு'ன்னு சொல்ற நம்ம நண்பர்களுக்காக இதைச் சொல்றேன்.

1961-ல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவரானார். அந்தத் துறையில் தமிழுக்கு இடம் வேணும்னு 1950-களில் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தியபோது, தோட்டத் தொழிலாளர்களும் சிறு சிறு தொகையாப் பணம் கொடுத்திருந்தாங்க. ரப்பர் பால் எடுத்த கூலியிலிருந்து வந்த காசு அது. அப்படிப்பட்ட துறைக்குத் தலைவரா உட்கார்றது லேசான பொறுப்பு இல்லீங்க.

1964 ஜனவரியில் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாச்சு. முயற்சி எடுத்தவர்களில் முதன்மையானவர் இவர்தான். ஆனா தலைவர் நாற்காலியில் இவர் உட்காரலை. பிரான்ஸ் நாட்டு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவரானார். செக் நாட்டவரான கமில் சுவலபிலோடு சேர்ந்து இவர் செயலாளர் பொறுப்பை எடுத்துக்கிட்டார். என் கணக்குல இவர் விடைபெறும் வேலை அன்னைக்கே தொடங்கிடுச்சு.

1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கி வைத்தார். அடுத்தது 1968-ல், அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ சென்னையில். மெரினாவில் நாம செல்ஃபி எடுக்கிற சிலைகள் பல அந்த மாநாட்டையொட்டி வந்தவைதான்.

1969-ல் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து விடைபெற்றார். அடுத்த வருஷமே மூணாவது மாநாடு பாரிஸில் நடந்தது. 1974-ல் யாழ்ப்பாணம். 1981 ஜனவரியில் நம்ம மதுரை. மதுரை மாநாட்டைப் பார்க்க அவர் இல்லை, 1980 செப்டம்பரில் காலமாகிட்டார். மன்றம் ஒரே ஆளோட பெட்டிக்குள்ள இருந்திருந்தா, 1969-லயே கப்பலேறிப் போயிருக்கும். பின்னாடி மாநாடுகளுக்கு நடுவுல நீண்ட இடைவெளி விழுந்தது. 1995-ல் தஞ்சாவூருக்கு அப்புறம் அடுத்தது 2015-லதான். அது வேற கதை, இன்னொரு நாள் பேசலாம்.

அச்சகக்காரங்களுக்குப் பிடிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. 1679-ல் அம்பலக்காட்டில் அச்சான அந்தம் தெ புரொயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி, ரோமில் வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதைப் படியெடுத்து, 1966-ல் கோலாலம்பூரில் மறுபடி அச்சேத்தினார். மாநாட்டுக் கட்டுரைகளும் இரண்டு தொகுதியா வெளிவந்தன. மேடையில் பேசினது கைதட்டலோட போயிடும். தாள்ல ஏறினது அடுத்தவர் கைக்குப் போகும். ஆடிப்பெருக்கு அன்னைக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடுற ஊருக்கு இதை நான் சொல்லித் தரணுமா?

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு போறவங்க, கிளம்பறதுக்கு முன்னாடியே அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு பண்ணிடுங்க. போன்லயே ஆன்லைனில் பண்ணலாம். அங்க தமிழ்ச் சங்கத்துலயோ, பிள்ளைங்களுக்குத் தமிழ் வகுப்பிலயோ பொறுப்பு எடுத்தீங்கன்னா, முதல் மாசத்துலயே ஒரு நோட்டுப் போடுங்க. யார் யார் வர்றாங்க, புத்தகம் யார்கிட்ட இருக்கு, பாடம் எதுவரை போயிருக்கு, எல்லாம் எழுதுங்க. விசா முடியிற தேதி நம்மளைக் கேட்டு வராது.

வகுப்புக்குப் புத்தகம் கிடைக்கலையேன்னு கவலைப்பட வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்கள் பல இலவசமாகவே இருக்கு. இப்பவே போனை எடுத்துத் தேடிப் பாருங்க, நான் காத்திருக்கேன். டீ வர்றதுக்கு இன்னும் பத்து நிமிஷம் ஆகுமாம்.