சாயத்தைச் சிறைவைத்த மரம்



பனை கிளைப்பதில்லை, ஆல் கிளைத்துக்கொண்டே போகும். நைலோனின் மூலக்கூறு பனையை ஒத்தது: நீண்டு செல்லும் ஒரே சங்கிலி. இன்று நாம் ஆராயவிருப்பதோ ஆலின் இனத்தைச் சேர்ந்த பல்பகுதியம். நடுவிலிருந்து 4 கிளைகள் புறப்படும்; ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிய 8 ஆகும்; பின்னர் 16, 32, 64. இவ்வாறு வளர்த்த மூலக்கூறுகளைப் பற்றி 1985இல் எழுதிய அமெரிக்க இரசாயனவியலாளர் டொனால்ட் டொமாலியா, மரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் 'டென்றிமர்' என்னும் பெயரை ஆக்கினார்.

கிளை நுனிகள் பெருகப் பெருக வெளிப்புறத்தில் நெருக்கம் மிகும். உள்ளே வெற்றிடங்கள் எஞ்சும். அங்கே வேறொரு மூலக்கூற்றைக் குடியிருத்த இயலுமா? இரசாயனப் பிணைப்பு எதுவுமின்றி, வெறுமனே அடைத்து வைக்க இயலுமா? நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பேர்ட் மெய்ஜரும் அவர்தம் குழுவினரும் 1994இல் இதற்கு விடை கண்டனர்.

அவர்கள் தேர்ந்த விருந்தாளி 'ரோஸ் பெங்கால்' என்னும் செஞ்சாயம். கண் வைத்தியர்கள் கண்ணின் மேற்பரப்பிலுள்ள பழுதைக் காண்பதற்குப் பயன்படுத்தும் சாயமும் இதுவே. தான் விழுங்கிய ஒளியைச் சற்றே நிறம் மாற்றித் திருப்பி உமிழ்வது இதன் இயல்பு. 64 நுனிகளிலும் பருத்த அமினோவமிலத் தொகுதிகளை மாட்டும்பொழுதே கரைசலில் இச்சாயத்தையும் கலந்து வைத்தனர். ஓடு மூடிக்கொண்டது, சாயம் உள்ளே அகப்பட்டது. பெட்டியின் குறுக்களவோ ஒரு மில்லிமீற்றரை ஏறத்தாழ இரண்டு இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு!

உள்ளே அகப்பட்டது என்பதற்குச் சான்று யாது? கண்ணாற் காணவொண்ணாத பெட்டியைத் திறந்து பார்ப்பார் உளரோ? இங்கேதான் சாயத்தின் ஒளி சாட்சி சொல்ல வந்தது. தன்னைச் சூழ்ந்திருப்பது எதுவோ அதற்கேற்ப அவ்வொளி கூடும், குறையும். வெளியே தன்னிச்சையாகக் கரைந்து கிடக்கையில் இல்லாத பிரகாசம் பெட்டிக்குள் அதற்கு வாய்த்தது. எத்துணை கழுவியும் அது வெளியேறவில்லை. இப்பரிசோதனையில் என்னை மிகக் கவர்ந்த பகுதி இதுவே.

1995இல் இன்னொரு படி சென்றனர். சிறியதொரு விருந்தாளியையும் சாயத்துடன் சேர்த்து அடைத்தனர். போமிக்கமிலத்தால் ஓட்டின் ஒரு பகுதியை மட்டும் நீக்கியபோது சிறியது நழுவி வெளியேறிற்று. பெரிய சாயமோ உள்ளேயே தங்கிற்று. அதனை விடுவிக்கச் செறிந்த ஐதரோகுளோரிக்கமிலத்திற் கொதிக்கவைக்க வேண்டியதாயிற்று.

மருந்தை நோயுற்ற இடத்துக்குச் சுமந்து செல்லும் கலம் கிடைத்துவிட்டது என எண்ணியோர் இவ்விடத்திலேயே தயங்கினர். கொதிக்கும் அமிலத்தை எந்த உடல் தாங்கும்? ஆகவே பின்வந்தோர், மெல்லிய அமிலத்தன்மையினாலோ ஒளிபடுவதனாலோ தளரும் ஓடுகளைத் தேடலாயினர். அவர்களும் பலகால் விலையுயர்ந்த மருந்துக்கு முன்னதாக ஒளிரும் சாயம் ஒன்றையே அடைத்துப் பார்க்கிறார்கள். மருந்து தான் வெளியேறியதை அறிவிக்காது, சாயம் அறிவித்துவிடும்.